மெட்ராஸ் தளம் ஒழுகினால் உடைத்துத்தான் ஆக வேண்டுமா? புதுச்சேரி தமிழர் பகுதி வீடுகள் பற்றி

கேள்வி இது: புதுச்சேரியில் வைசியாள் வீதியை ஒட்டி ஒரு பூர்வீக வீடு. கீழே திண்ணை, முற்றம், மரத்தூண். மேலே வளைவு சன்னல் வைத்த மாடி. மாடித் தளம் மழைக்கு ஒழுகுகிறது, கூடத்துச் சுவர் இடுப்பளவுக்குப் பொரிந்து கொட்டுகிறது. ஒப்பந்தக்காரர் "தளத்தை எடுத்துவிட்டு ஆர்சிசி கான்கிரீட் போட்டு, சுவருக்கு சிமென்ட் பூசிவிட்டால் ஐம்பது வருஷத்துக்குக் கவலையில்லை" என்கிறார். இந்த வீட்டில் அப்படிக் காப்பாற்ற என்ன இருக்கிறது, ஒப்பந்தக்காரர் சொல்வது சரியா?

சரியில்லை. அவர் சொல்லும் இரண்டு வேலைகளுமே அந்த வீட்டைச் சீக்கிரம் முடித்துவிடும். ஏன் என்று சொல்ல, வீடு எப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு 1765இல் ஊர் திரும்பக் கிடைத்து, பழைய தெரு வரிசையின் மேலேயே மறுபடி கட்டினார்கள். அதற்குப் பிறகும் ஊர் ஒன்றிரண்டு முறை கைமாறியது. 1816இல்தான் நிலையாகப் பிரெஞ்சு வசம் வந்தது. வியாபாரிகள் தைரியமாகக் காசு போட்டு வீடு கட்டியது அதற்கப்புறம். ஆகவே பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இன்று நிற்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம் அல்லது அந்த நூற்றாண்டில் மாடி ஏறியவை. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. அதற்குள்ளும் கோயில்களை ஒட்டி இந்துக்கள், மிஷன் வீதி மாதா கோயிலைச் சுற்றிக் கிறிஸ்தவர்கள், தெற்கே காஜி வீதி, முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம்கள். ஆனால் கட்டிய முறை மூன்று பகுதியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வெள்ளையர் பகுதி வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு தெருவில் நின்றாலே தெரியும். அங்கே உயரமான மதில், வண்டி நுழையும் பெரிய வாயில், உள்ளே தோட்டம், தோட்டத்தைப் பார்த்த வளைவு முகப்பு. வீடு தெருவுக்கு முதுகு காட்டும். தமிழர் பகுதியில் மதிலே கிடையாது. வீடும் வீடும் ஒட்டி நிற்கும். முகப்பு நேராகத் தெருவில் இறங்கும். முதலில் தாழ்வாரம்: தெருவோரமாக மரக்கால் நட்டு இறக்கிய ஓட்டுச் சரிவு, போகிறவர் வருகிறவர் வெயிலுக்கு ஒதுங்க. அதற்கு உட்புறம் திண்ணை: வீட்டுக்கு வந்தவர் உட்கார. அப்புறம்தான் கதவு. அதாவது தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவே இரண்டு படி இருக்கிறது. ஒன்று ஊருக்கு, ஒன்று விருந்தாளிக்கு. இந்தத் தாழ்வாரம் வீடு விட்டு வீடு தொடர்ந்தபோது தெரு முழுக்க ஒரே நிழல். இன்று அது துண்டுதுண்டாகத்தான் மிச்சம்.

கதவைத் தாண்டினால் நடை, பிறகு முற்றம். முற்றத்தைச் சுற்றித் தூண், தூணுக்குப் பின்னால் அறைகள், கடைசியில் சமையல்கட்டும் கொல்லையும். மாடி வேறு பாஷை பேசும்: வளைவுச் சன்னல், சாய்பலகை வைத்த கதவு, சுவரோடு ஒட்டிய சுண்ணாம்புத் தூண், அலங்காரக் கைப்பிடிச் சுவர். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்ற இந்தக் கலவைக்கு முன்மாதிரி 18ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் கீழே தேக்கு மரத்தூண், மேலே வெள்ளைச் சுண்ணாம்புத் தூண். உங்கள் வீட்டிலும் மாடி பின்னால் ஏறியதா என்று பார்க்க வேண்டுமானால் கீழ்ச்சுவர், மேல்சுவர் செங்கல் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் இரண்டு காலம் என்று சந்தேகிக்கலாம். தாழ்வாரத்தில் மங்களூர் ஓடு இருந்தால் அது 1865க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த ஆண்டுதான் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. பெரும்பாலும் நாட்டு ஓட்டை மாற்றிப் போட்டதாக இருக்கும். சிமென்ட் பூச்சு எங்கே தென்பட்டாலும் அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டிலோ அதன் பிறகோ வந்த ஒட்டு; 19ஆம் நூற்றாண்டில் இங்கே கொத்தனார் கையில் இருந்தது பெரும்பாலும் சுண்ணாம்புதான்.

இனி தளம். மேலே ஒரு ஓரத்தில் உடைந்த இடம் இருந்தால் பக்கவாட்டில் பாருங்கள், அடுக்கு தெரியும். அடியில் உத்திரம், அதன்மேல் குறுக்கே ஒன்றரை அடி இடைவெளி போலத் தேக்குக் கட்டைகள். கட்டைகளின் மேல் சின்னச் செங்கல். வீட்டுச் சுவர்ச் செங்கல் இல்லை, தளத்துக்கென்றே சுட்டது, 6 அங்குலம் நீளம், 3 அங்குலம் அகலம், 1 அங்குலம் கனம். அதைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, அறையின் ஒரு மூலையிலிருந்து குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை அடைப்பு கிடையாது. ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன்மேல் சுமார் 3 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புக் கலவை. கடைசியில் இரண்டு வரிசை தட்டோடு (தட்டையான மெல்லிய ஓடு), சுண்ணாம்பிலேயே பதித்தது. இதுதான் மெட்ராஸ் டெரஸ். இதில் இரும்பு இல்லை, ஆகவே துருவும் இல்லை. கடல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை.

ஒழுகுகிறது என்றால் இந்த அடுக்கில் எது கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பெரும்பாலும் கெட்டிருப்பது மேல் இரண்டு அங்குலம் மட்டுமே. இந்த வரிசையில் பாருங்கள்:

கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. தண்ணீர் இறங்குகிற இடங்களில் முதலாவது இது. அங்கே கால்வட்டமாகச் சுண்ணாம்பு வழித்து விட்டிருப்பார்கள், அது வெடித்திருக்கும்.

தண்ணீர் வெளியேறும் தூம்பு. அரச இலையும் மண்ணும் அடைத்து, தளத்தில் தண்ணீர் நின்றிருக்கும்.

அரச, ஆலங்கன்று. செடியை மட்டும் பிடுங்கினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காக வரும். வேர் போன வழியில் கல்லைக் கழற்றி, வேரை முழுக்க எடுத்து, சுண்ணாம்புக் காரையால் மூட வேண்டும். சுவருக்குள் நடுவே ஆணிவேர் கனத்துவிட்டால் அந்த இரண்டடிச் சுவரைப் பிரித்துக் கட்டுவதே மலிவு.

முன்பு யாராவது ஒழுகலுக்குப் பூசிய சிமென்ட். தட்டோட்டின் மேல் சிமென்ட் பால் ஊற்றி, ரப்பர் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், குற்றவாளி அதுதான். வெயிலில் விறைப்பான சிமென்ட் ஒரு மாதிரியும் சுண்ணாம்பு ஒரு மாதிரியும் நீள, மயிரிழை விரிசல் விழும்; அதில் இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாகப் போக வழியில்லாமல் கட்டை முனைக்குப் போய்ச் சேரும்.

கட்டை முனை என்றேன். இந்த வீடுகள் விழுவது அங்கிருந்துதான். கட்டையின் நடுப்பகுதி எப்போதும் காற்றில் இருக்கிறது, எளிதில் கெடுவதில்லை. சுவருக்குள் புதைந்த 6 முதல் 9 அங்குலம்தான் ஈரத்தைக் குடித்து, வெளியில் தெரியாமல் மக்கும். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டையையும் சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்குரூ டிரைவரால் அழுத்துங்கள். நல்ல தேக்கு நுனியை உள்ளே விடாது. கால் அங்குலத்துக்குமேல் இறங்கினால், அல்லது சுத்தியால் தட்டும்போது கணீர் என்றில்லாமல் பொத் என்று கேட்டால், அந்த முனை போய்விட்டது. சாக்பீஸால் ஒவ்வொரு கட்டைக்கும் எண் எழுதிக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துக் கட்டையில் இரண்டோ மூன்றோ கெட்டிருந்தால் அது பழுதுபார்க்கும் கணக்கு, இடிக்கிற கணக்கு இல்லை.

பழுதுபார்ப்பது இப்படி. அடியில் பலகை வைத்து, சவுக்கு முட்டு அல்லது இரும்பு ஜாக்கி கொடுத்துத் தளத்தின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தூக்கக் கூடாது, தாங்கினால் போதும். தூக்கினால் மேலே நிறுத்தி ஒட்டிய கற்கள் கழன்றுவிடும். மக்கிய முனையை நல்ல மரம் வரும்வரை வெட்டி, பழைய தேக்கிலேயே சாய்வெட்டு ஒட்டுப் போட்டு ஆணித்தண்டால் இறுக்கலாம். இல்லையென்றால் இரண்டு பக்கமும் இரும்புச் சானல் வைத்து போல்ட் போடலாம். இரும்புக்குத் துருத்தடுப்பு அவசியம். முனையைச் சுவரில் திரும்ப வைக்கும்போது சுற்றிலும் அரை அங்குலம் காற்றுக்கு விட்டுவிடுங்கள். கலவையால் கெட்டியாக அடைக்கிற கொத்தனாரைத் தடுத்து நிறுத்துங்கள். அந்த அடைப்புத்தான் போன முறை முனையைத் தின்றது. இதற்கு ஆசாரி வேண்டும், சென்டரிங் ஆள் போதாது.

கட்டை சரியான பிறகு மேல்தளம். கெட்ட தட்டோட்டையும் தளர்ந்த ஜல்லிக் கலவையையும் மட்டும் எடுக்க வேண்டும். புதுக் கலவைக்கு முக்கால் அங்குலச் செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்கு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் கிடையாது. (தமிழகப் பொதுப்பணித் துறைக் கணக்கில் 32க்குப் பன்னிரண்டரை என்று எழுதுவது இதைத்தான்.) ஜல்லியை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போடாவிட்டால் அது சுண்ணாம்பிலிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடும், கலவை பொரபொரவென்று நிற்கும். தூம்பை நோக்கி 10 அடிக்கு 2 அங்குலமாவது வாட்டம் வைத்துப் பரப்ப வேண்டும். நாலரை அங்குலம் பரப்பினால் அடித்தபின் மூன்றாகும்.

அடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பது இது. இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் கட்டை பதியும், சத்தம் மந்தமாக இருக்கும். நாலாவது, ஐந்தாவது நாளில் கட்டை துள்ளித் திரும்பும், சத்தம் கல்லில் அடிப்பது போல மாறும். அதுவரை நிறுத்தக் கூடாது. கூலி ஏறுகிறதே என்று ஒரே நாளில் முடித்துத் தட்டோடு பதித்தால், அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கும். அடித்து முடித்த பின் இரண்டு வாரமாவது ஈரச்சாக்குப் போட்டு வைத்து, அதன்மேல் தட்டோடு.

இப்போது ஆர்சிசி யோசனைக்கு வருகிறேன். ஒன்று, எடை. பழைய தளத்தை எடுக்காமல் அதன்மேலேயே 4 அங்குலக் கான்கிரீட் ஊற்றுகிறவர்களும் உண்டு. சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ; 20 சதுர மீட்டர் கூடத்துக்கு ஏறக்குறைய 5 டன் அதிகப்படியாக, மக்கிய முனைகளின் மேல். பழசை எடுத்துவிட்டுப் போட்டால் எடைப் பிரச்சினை குறையும், வேறு இரண்டு வரும். கான்கிரீட் பலகை வெயிலில் நீண்டு, மாலையில் சுருங்கும். மென்மையான சுண்ணாம்புச் சுவர் அதைப் பிடித்து வைக்க முடியாது. தளத்துக்குச் சற்றுக் கீழே சுற்றிவரப் படுக்கைவாட்டில் ஒரு விரிசல் ஓடும், கைப்பிடிச் சுவர் தெருப்பக்கம் தள்ளப்படும். அடுத்தது அண்டை வீடு. பல வீடுகளில் பக்கச்சுவர் பொது. அடுத்த வீட்டுக் கட்டைகளும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் பக்கத்துக் கட்டைகளை ஒரேயடியாக உருவினால் அந்தச் சுவரை இந்தப் பக்கம் பிடிக்க ஆளில்லை. அதோடு உப்புக்காற்றில் கம்பி துருவேறி, அடிப்பக்கம் பெயர்ந்து விழுவதை இந்த ஊரில் முப்பது, நாற்பது வயதுக் கட்டடங்களிலேயே பார்க்கலாம். ஐம்பது வருஷம் என்ற உத்தரவாதத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

தண்ணீர்த் தொட்டி மாடியில் இருந்தால் இன்றே இடம் மாற்றப் பாருங்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன், அதுவும் ஒரு சின்ன இடத்தில். சுமக்கும் சுவரின் நேர்மேலே இருந்தால் பரவாயில்லை, கட்டைகளின் நடுவே இருக்கவே கூடாது.

சுவர் இடுப்பளவுக்குப் பொரிவதற்குக் காரணம் வேறு. வெளியே போய்த் தெரு மட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில், மூன்று படி ஏறிய திண்ணைக்கு ஒரு படி மிஞ்சியிருக்கும். சில வீடுகளில் தெருவிலிருந்து உள்ளே இறங்க வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் அஸ்திவாரத்தை ஒட்டி நிற்கிறது, செங்கல் அதை மேலே இழுக்கிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் ஓரடியில் வெளியேறிவிடும். சிமென்ட் பூசினால் வெளியேற முடியாமல் இரண்டடி, மூன்றடி என்று ஏறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேலே வெடிக்கும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கல்லையே மாவாக்கும். ஆகவே மறுபடி சிமென்ட் பூசுவது நோயை இன்னும் ஓரடி மேலே ஏற்றும் வேலை. தரையில் முழுக்க வழவழப்பான கிரானைட் பதித்தாலும் இதேதான்; தரையில் வெளியேற முடியாத ஈரம் சுவருக்குப் போகும்.

சிமென்ட் பூச்சை ஈரம் தெரியும் உயரத்துக்கு மேலே ஒன்றரை அடி வரை கொத்தி எடுங்கள். சுவரைக் கழுவாதீர்கள், கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த தேங்காய்நார்ப் பிரஷால் தட்டி, விழும் மாவை அள்ளி வெளியே கொட்டுங்கள். ஒரு கோடை முழுக்கச் சுவர் வெறுமனே நிற்கட்டும், பார்க்க அசிங்கமாக இருந்தாலும். பிறகு கெட்ட செங்கலை மட்டும் மாற்றிச் சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம் ஊறவைத்திருக்க வேண்டும். நீறாத ஒரு கட்டி பூச்சுக்குள் போனாலும் ஆறு மாதம் கழித்து அம்மைத் தழும்பு போல வெடித்துக் காட்டும். முதல் பூச்சு ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல், அரை அங்குலத்துக்குமேல் கனம் வேண்டாம். அது இறுகிய பின் இரண்டாவது, அதற்கப்புறம் மெல்லிய வழவழப்பு. கடல் மணல் கலந்து வந்தால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். நேர் வெயில் படும் சுவருக்கு ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். கடைசியில் சுண்ணாம்பு அடிப்பு, நிறம் வேண்டுமானால் மஞ்சள்காவி கலந்து. எமல்ஷன் பெயிண்டும் அதற்கு அடியில் பூசும் பட்டியும் இதுவரை செய்த வேலையை வீணாக்கும்.

முற்றத்தை பிளாஸ்டிக் தகட்டால் மூடாதீர்கள். கூடத்தின் சூட்டுக்காற்று வெளியேறும் புகைபோக்கி அது. திருட்டுப் பயம் என்றால் கம்பி வலை. மழைக்கு மூடியே ஆக வேண்டுமென்றால் ஓட்டுக்கு ஓரடி மேலே தூக்கி, நாலு பக்கமும் திறப்பு விட்டுப் போடுங்கள். முற்றத்துத் தண்ணீர் போகும் வழி தெருச் சாக்கடைக்கு மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள். தெரு உயர்ந்த வீடுகளில் மழை நாளில் அது தலைகீழாக ஓடும்.

முகப்பு பற்றி உங்கள் வீதியிலேயே பாடம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நவ்-சுர்-லோ நகரங்களோடு சேர்ந்து, 2002 முதல் 2004 வரை வைசியாள் வீதியில் (பெயர்ப்பலகையில் கலவை சுப்புராய செட்டி வீதி) சுமார் இருபது வீட்டு முகப்புகளை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பான இன்டாக் வழிகாட்டுதலில் சீரமைத்தார்கள். செலவில் ஒரு பகுதி திட்டத்தினுடையது, ஒரு பகுதி வீட்டுக்காரருடையது. 2008இல் அந்த வேலை யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் ஒன்றைப் பெற்றது. அங்கே முக்கியமாகச் செய்தது என்னவென்றால், தனித்தனி வீட்டை அழகாக்கியதல்ல. தாழ்வாரத்தையும் முகப்பு வரிசையையும் தெரு முழுக்கத் தொடரவிட்டது. வரிசையில் ஒரு வீடு மூன்றடி பின்வாங்கி, ஷட்டர் போட்ட கார் நிறுத்தம் வைத்தால், இரண்டு பக்கத்து வீடுகளின் தாழ்வாரமும் அந்தரத்தில் முடிந்துவிடும்.

வேலை தொடங்கும் முன் உங்கள் வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று நகர அமைப்புக் குழுமத்தில் கேளுங்கள், இன்டாக் அலுவலகத்திலும் ஒரு நடை போய்வாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைப் பற்றி அங்கே விசாரிக்கலாம். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலை மேரி கட்டடம் (பிரெஞ்சுக்கால நகரமன்றம்) சரிந்ததையும், பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டித் திறந்ததையும் ஊரே பார்த்தது. அரசுக் கட்டடத்துக்குத் திரும்பக் கட்டப் பணம் வந்தது. தனியார் வீட்டுக்கு வராது.

காலக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே தூம்பைச் சுத்தம் செய்து, செடிகளை வேரோடு எடுத்து, கட்டை முனைகளைச் சோதித்து எண் போடுங்கள். அதற்கு ஒரு ஏணியும் இரண்டு நாளும் போதும். கெட்ட முனைகளுக்கு உடனே முட்டுக் கொடுங்கள். சுண்ணாம்பை மார்கழியிலேயே ஊறப்போட்டுவிடுங்கள். தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஆசாரி வேலை, மாசி பங்குனியில் மேல்தளம் அடிப்பு. சுவரில் சிமென்ட் கொத்துவதையும் அப்போதே தொடங்கலாம். பூச்சு மட்டும் சித்திரை, வைகாசி வெயில் தாண்டிய பிறகு. ஆடி முடிவதற்குள் தட்டோட்டு மூட்டுகளைச் சரிபார்த்து, ஒரு நாள் தூம்பை அடைத்து, தளத்தில் ஒரு அங்குலத்துக்கு மட்டும் தண்ணீர் நிறுத்தி, கீழே ஒரு இரவு பாருங்கள்.